பிரசுரம் யாருக்காக?
சிறு உற்பத்தியாளர் குழுக்களுக்குச் சில யோசனைகள்

எமது கிராமங்களில் இயங்கும் சுயதொழிற் குழுக்கள் பலவற்றுக்கு உற்பத்தி இன்று பெரிய பிரச்சினையல்ல. பனங்கட்டி, ஒடியல் மா, ஊறுகாய், பன்னவேலைப் பொருட்கள் முதலியவற்றைத் தரமாகச் செய்யக்கூடிய கைகள் எல்லாக் கிராமங்களிலும் இருக்கின்றன. ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவர் அப்பொருளைப் பற்றி அறிந்து, நம்பி, காசு கொடுத்து வாங்கும்படி செய்வதுதான் கடினம். இதற்கெனப் பல குழுக்கள் மடிப்புப் பிரசுரம் ஒன்றை அச்சிட்டுக்கொள்கின்றன. ‘புறோசர்’ என்று அச்சகங்களில் சொல்வது இதைத்தான். செலவை ஓர் உதவி நிறுவனம் ஏற்றுக்கொள்ளலாம், அல்லது அது குழுவின் சேமிப்பிலிருந்து போகலாம். எப்படியாயினும் அச்சிட்டவற்றில் ஒரு பகுதி கண்காட்சி நாளன்று கொடுபட்டு முடிகிறது. மிகுதி அலுமாரியின் அடித்தட்டில் கறையானுக்குக் காத்திருக்கிறது. அந்தக் காசுக்கு எத்தனை கிலோ பனங்கட்டி விற்கவேண்டும் என்று கணக்குப் பார்த்தால் இது சிறிய விடயமல்ல என்பது விளங்கும்.

இப்பிரசுரங்களில் பலவற்றைக் கையிலெடுத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். முகப்பிலே சங்கத்தின் நீண்ட பெயரும் பதிவிலக்கமும் இருக்கும். விரித்தால் ஓர் அதிகாரியின் ஆசிச் செய்தி, தலைவியின் உரை, திறப்பு விழாவில் நாடா வெட்டும் படம், நிர்வாகசபையினரின் பெயர்ப் பட்டியல். கடைசிப் பக்கத்தின் அடியிலே, சிறிய எழுத்தில், பொருட்களின் பெயர்கள். விலாசம் சில வேளைகளில் இருக்கும், சில வேளைகளில் இராது.

இதற்குக் காரணம் எமது அச்சுப் பண்பாடு என்றே நான் நினைக்கிறேன். எமது ஊர் அச்சகங்கள் வருடம் முழுவதும் அடிப்பது திருவிழா அறிவித்தல்களும் கோவில் விஞ்ஞாபனங்களும் பாடசாலை மலர்களும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுகளுமே. இவையெல்லாம் உரியவர்களை உரிய ஒழுங்கில் கனம்பண்ணுவதற்காக அச்சிடப்படுபவை. ஒரு பெயர் விடுபட்டால் மனத்தாங்கல் வரும். அந்த மாதிரியை அப்படியே எடுத்து வியாபாரப் பிரசுரத்துக்கும் போட்டுவிடுகிறோம். மலரை வாசிப்பவர் எம்மவர். எம்மை ஏற்கனவே அறிந்தவர். பிரசுரத்தை வாசிப்பவர் அந்நியர். யார் நாடா வெட்டினார் என்பது அவருக்கு வேண்டியதில்லை. இது என்ன, எனக்கு எதற்கு, நம்பலாமா, எங்கே வாங்கலாம் என்ற கேள்விகளுக்குத்தான் அவர் விடை தேடுகிறார். விடை உடனே கிடைக்காவிட்டால் தாளை மடித்துப் பையில் வைப்பார். பிறகு அதை எடுக்கமாட்டார்.

வாசிப்பவர் யார்?

பனம்பொருள் செய்யும் மாதர் குழு ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவர்களின் பனங்கட்டியையும் புழுக்கொடியலையும் ஒடியல் மாவையும் வாங்கக்கூடியவர்கள் குறைந்தது மூன்று வகையினர். கொழும்பிலோ கண்டியிலோ கடை வைத்திருப்பவர் ஒருவர். அவருக்கு வேண்டியவை மாதம் எத்தனை கிலோ தரமுடியும், எத்தனை நாள் கெடாமலிருக்கும், யார் கொண்டுவந்து தருவார் என்ற விபரங்கள். யாழ்ப்பாணத்தைப் பார்க்க வந்த தென்னிலங்கைப் பயணி இன்னொருவர். அவருக்குப் புழுக்கொடியல் என்றால் என்னவென்றே தெரியாது. மூன்றாமவர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து விடுமுறையில் வந்திருக்கும் எமது உறவினர். சுவையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. விமானத்தில் கொண்டுபோகக்கூடிய பொதியில் கிடைக்குமா என்பதே அவரது கேள்வி.

இம்மூவருக்கும் ஒரே பிரசுரத்தை எழுதப் புறப்பட்டால் அது எவருக்கும் பொருந்தாது. எனவே குழு கூடியிருந்து, இவ்வருடம் யாருக்கு விற்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கடைக்காரருக்கு அழகான பிரசுரம் வேண்டியதில்லை; தட்டச்சிட்ட ஒரு பக்கக் கடிதமும் மாதிரிப் பொதியும் போதும். மடிப்புப் பிரசுரம் பெரும்பாலும் பயணிக்கே பொருத்தமானது. இனி அவரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பயணி கையிலே ஒரு துண்டு புழுக்கொடியலை வைத்திருக்கிறார். அது மரக்குச்சி போல இருக்கிறது. அவருக்கு வேண்டியது இப்படி நாலு வரி: “பனங்கிழங்கை அவித்து வெயிலில் காயவைத்தது. அப்படியே கடித்து உண்ணலாம். கடினமாக இருந்தால் இடித்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உண்ணலாம். ஈரம் படாமல் போத்தலில் வைக்கவும்.” அவிக்காமல் காயவைப்பது ஒடியல் என்பதும், அதை மாவாக்கியே கூழ் காய்ச்சுகிறோம் என்பதும் அடுத்த வரியில் வரலாம். எமக்குச் சிறுவயது முதல் தெரிந்த விடயம் என்பதால் இவற்றை எழுதாமல் விட்டுவிடுகிறோம். பதிலாக, “எமது சங்கமானது கிராமியப் பெண்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தும் உயரிய நோக்குடன் ஆரம்பிக்கப்பட்டு இன்று வெற்றிநடை போடுகின்றது” என்று எழுதுகிறோம். இந்த வசனத்தைக் கோழிப்பண்ணைக்கும் போடலாம், தையல் நிலையத்துக்கும் போடலாம். எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் வசனம் பிரசுரத்தில் இருக்கத் தேவையில்லை.

செய்முறையைச் சொல்வதும் நல்லது. அதிலேதான் நம்பிக்கை பிறக்கிறது. கருப்பநீர் புளித்துக் கள்ளாகிவிடாதபடி முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுகிறார்கள், இறக்கிய நீரைத் தெளியவைத்து வடித்துக் காய்ச்சுகிறார்கள், பதம் வந்ததும் ஓலைக் குட்டானில் வார்க்கிறார்கள் என்று எழுதினால் வாசிப்பவருக்கு அந்த வேலை கண்ணுக்குத் தெரியும். “பாரம்பரிய முறைப்படி தயாரிக்கப்பட்டது” என்று மட்டும் எழுதினால் ஒன்றும் தெரியாது.

சொல்லக்கூடியதும் சொல்லக்கூடாததும்

அச்சிலே வருவது ஒரு வாக்குறுதி. “சீனி கலக்காதது” என்று எழுதினால், குழுவிலுள்ள ஒவ்வொரு வீட்டுத் தாச்சியிலும் அது உண்மையாக இருக்கவேண்டும். பனங்கட்டியிலே சீனி கலப்பது சந்தையிலே காணாத விடயமல்ல. ஓர் அங்கத்தவர் ஒரு நாள் கலந்தாலும் மற்றவர்கள் எல்லோருடைய சொல்லும் பொய்யாகிவிடும். ஆகையால் பிரசுர வாசகத்தைத் தலைவியும் செயலாளரும் மட்டும் எழுதி முடிக்காமல், முழுக் கூட்டத்திலும் வாசித்து, “இதை நாம் எல்லோரும் காப்பாற்றுவோமா?” என்று கேட்பது அவசியம். அந்தக் கேள்வியினால் ஒரு வசனம் வெட்டுப்பட்டால் அது நட்டமல்ல.

இதைவிடப் பாரதூரமான ஒன்று உண்டு. “நீரிழிவு நோயாளரும் தாராளமாக உண்ணலாம்”, “இரத்த அழுத்தத்தைக் குணப்படுத்தும்” என்ற வரிகள் கிராமிய உற்பத்திகளின் பிரசுரங்களில் சர்வசாதாரணமாக வருகின்றன. பனங்கட்டியிலும் பெரும்பங்கு சுக்குரோசு என்ற அதே இனிப்புத்தான். வெள்ளைச் சீனியில் இல்லாத சில கனியுப்புக்கள் அதில் இருப்பது இந்த உண்மையை மாற்றாது. அச்சிட்டதை நம்பி ஒரு நோயாளி நாளாந்தம் உண்டால் அவருடைய காலுக்கும் கண்ணுக்கும் வரும் கேட்டில் எமக்கும் பங்கிருக்கும். சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உணவுப் பொருளின் தன்மை, தரம், பயன் பற்றித் தவறான எண்ணம் உண்டாகும்படி விளம்பரம் செய்வதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடைசெய்கிறது. பொதுவாகவே பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. சிறிய குழு என்பதற்காக இவற்றிலிருந்து விலக்கு இல்லை. சந்தேகமான வரி இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அச்சுக்கு முன்னரே காட்டிக்கொள்ளுங்கள்.

பரிதாபம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கப்பட்ட பெண்கள் குழுக்களின் பிரசுரங்களில், கணவனை இழந்த பெண்ணொருத்தி பிள்ளையை அணைத்தபடி கமராவைப் பார்க்கும் படம் முகப்பிலே வருவதைக் காணலாம். கீழே “இவளுக்கு வாழ்வளியுங்கள்” என்ற மாதிரி ஒரு வரி. உதவி வழங்குவோருக்கு அனுப்பும் அறிக்கையிலேயே அப்படம் இருப்பது எனக்கு உவப்பானதல்ல. விற்பனைப் பிரசுரத்திலே அது நிச்சயமாக இருக்கக்கூடாது. முதலாவது, அந்தப் பெண்ணின் துயரம் அவளுடையது. ஐந்து வருடங்களின் பின்பும் அந்தத் தாள் பஸ்நிலையத்திலே யாரோ ஒருவரின் கையில் இருக்கும். அதற்குள் அவளுடைய பிள்ளை வளர்ந்து வாசிக்கத் தொடங்கியிருக்கும். இரண்டாவது, வியாபார ரீதியாகவும் அது பயன்தருவதில்லை. இரக்கப்பட்டு வாங்குபவர் ஒரு தடவை வாங்குவார். சுவைக்காக வாங்குபவர் திரும்பவும் வருவார். ஆட்களின் படம் வேண்டுமென்றால், வேலையில் ஈடுபட்டிருக்கும் கைகளையும் முகங்களையும் எடுங்கள்: குட்டானில் பாணியை வார்க்கும் கை, ஓலையை வாரும் விரல்கள். அவர்களிடம் படத்தைக் காட்டி, எங்கெங்கு போகும் என்று சொல்லி, சம்மதம் கேட்டுப் போடுங்கள்.

தாளும் மடிப்பும்

கணினிக்கு முன்னால் உட்காருவதற்கு முதல் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து மடியுங்கள். வழக்கமான ஏ4 தாள் 297 மில்லிமீற்றர் நீளம், 210 மில்லிமீற்றர் அகலம். அதை மூன்றாக மடித்தால் ஆறு பக்கங்கள் கிடைக்கும். உள்ளே மடிந்து போகும் பக்கம் மற்ற இரண்டையும்விடச் சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். 100, 100, 97 மில்லிமீற்றர் என்று பிரித்தால் சரியாகப் படியும். மூன்றையும் சமமாகப் பிரித்தால் உள்மடிப்பு முட்டிக்கொண்டு வளைந்து நிற்கும்.

மடித்த தாளிலே பென்சிலால் எழுதிப் பாருங்கள். முகப்பைத் திறந்தவுடன் வாசிப்பவருக்கு எதிர்ப்படுவது உள்ளே மடிந்திருக்கும் அந்த ஒடுங்கிய பக்கம். பலர் இதைக் கவனிக்காமல் அதிலே அங்கத்தவர் பட்டியலைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவதாகக் கண்ணில் படும் அந்த இடம் மிகப் பெறுமதியானது. பொருளை எப்படி உண்பது என்ற விளக்கத்தை அங்கே வையுங்கள். முழுதாக விரித்தால் வரும் மூன்று பக்கங்களிலும் பொருட்களும் படங்களும் செய்முறையும் வரட்டும். கடைசியாகத் தெரியும் பின்பக்கத்தில் விலாசம், தொலைபேசி, வரும் வழியைக் காட்டும் ஒரு சிறு படம். நெடுஞ்சாலையில் எந்தச் சந்தியில் திரும்புவது, திரும்பியபின் எத்தனை கிலோமீற்றர் என்பதைக் காட்டினால் போதும்.

முகப்பில் ஒரு படம், பொருளின் பெயர், ஒரு வரி. அவ்வளவுதான். சங்கத்தின் பெயர் சிறிதாக அடியில் வரலாம். இதனால் சிலருக்கு மனவருத்தம் ஏற்படுமென்பது எனக்குத் தெரியும். அனுசரணை வழங்கியவர்களின் இலச்சினைகளும் இப்படித்தான். பின்பக்கத்தில் ஒரு வரிசையில் சிறிதாகப் போட்டால் எவருக்கும் குறையில்லை.

விலையைப் பிரசுரத்தில் அச்சிடவேண்டாம். 2022இல் விலைகள் மாதத்துக்கு மாதம் ஏறியதை நாம் மறக்கவில்லை; அவ்வாண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அச்சிட்ட விலையைப் பேனையால் வெட்டித் திருத்திய பிரசுரத்தைப் பார்ப்பவருக்கு நல்லெண்ணம் வராது. விலைப்பட்டியலைத் தனித் துண்டாக நிழற்பிரதி எடுத்து உள்ளே செருகிவிடலாம்.

தொலைபேசி இலக்கம் குழுவுக்குச் சொந்தமானதாக இருக்கட்டும். செயலாளரின் சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்தைப் போட்டால், அவர் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போகும்போது குழுவின் வாசலும் கூடவே போய்விடும். வெளிநாட்டிலிருந்து எடுப்பவருக்காக முதற் பூச்சியத்தை நீக்கி, 94 சேர்த்தும் ஒரு தடவை எழுதிவிடுங்கள்.

எழுத்தும் மொழியும்

தமிழெழுத்துக்குக் காற்றோட்டம் வேண்டும். மேலே விசிறியும் புள்ளியும், கீழே சுழியும் காலும் இருப்பதால் வரிகளை நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். கறுப்பு நிலத்திலே வெள்ளை எழுத்துப் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் சிறிய எழுத்தானால் மை பரவிப் புள்ளிகள் மூடிப்போகும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடுகிற மொழி எங்களுடையது. ஆகவே வெளிர்நிறத் தாளில் கடும்நிற எழுத்தே உத்தமம். ஒரே பிரசுரத்தில் ஐந்து விதமான எழுத்துருக்கள் வேண்டாம். தலைப்புக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று.

கணினித் தட்டச்சில் ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. எமது அச்சகங்கள் பலவற்றிலே இன்றும் பாமினி எழுத்துருவில் வேலை நடக்கிறது. நாங்கள் கைத்தொலைபேசியில் தட்டுவது யூனிக்கோட். ஒன்றை மற்றதாக மாற்றும்போது எழுத்துக்கள் விடுபடலாம். சில பழைய வடிவமைப்பு மென்பொருட்களில் யூனிக்கோட் தமிழை ஒட்டினால் கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதனால் கணினித் திரையைப் பார்த்து “சரி” என்று சொல்லவேண்டாம். காகிதத்தில் எடுத்த படியை வாங்கி, இருவர் இருந்து, ஒருவர் மூலத்தை உரத்து வாசிக்க மற்றவர் படியைப் பார்த்து ஒப்புநோக்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தை வாசித்துப் பார்ப்பது போதாது. அந்தப் படியைப் பார்த்தே ஒரு முறை அழைப்பெடுத்துப் பாருங்கள்.

தென்னிலங்கைப் பயணிக்குக் கொடுக்கும் பிரசுரத்தில் சிங்களம் கட்டாயம் வேண்டும். அதைக் கணினி மொழிபெயர்ப்புக்கு விட்டுவிடுவது ஆபத்து. சிங்களப் பெயர்ப்பலகைகளில் தமிழ் எவ்வளவு கொலைபட்டிருக்கிறது என்று நாம் எத்தனை தரம் குறைப்பட்டிருக்கிறோம்! அதையே நாம் மற்றவர் மொழிக்குச் செய்யலாமா? உதாரணமாக, ‘ஹக்குரு’ என்று மட்டும் போட்டால் சிங்கள வாசகருக்குக் கித்துள் கருப்பட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். ‘தல் ஹக்குரு’ என்றால்தான் பனையிலிருந்து வந்தது என்று விளங்கும். புழுக்கொடியலுக்கு ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்காமல், தமிழ்ப் பெயரைச் சிங்கள எழுத்தில் எழுதி, என்னவென்று ஒரு வரியில் விளக்குவது நல்லது. சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இறுதிப் படியை வாசித்தே தீரவேண்டும். மூன்று மொழிகளையும் ஒரே தாளில் திணித்தால் எழுத்து எறும்பு போலாகிவிடும். தமிழும் ஆங்கிலமும் ஒரு பிரசுரம், சிங்களமும் ஆங்கிலமும் இன்னொரு பிரசுரம் என்று பிரித்தால் படங்களை மாற்றாமலே இரண்டையும் செய்யலாம்.

அச்சகத்திலே

படங்கள் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் வேண்டும். பத்துச் சென்ரிமீற்றர் அகலப் படத்துக்கு ஏறக்குறைய 1,200 புள்ளிகள் என்று கொள்ளுங்கள். இன்றைய கைத்தொலைபேசிகள் இதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதுதான் அது சுருங்கிப்போகிறது. ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போகும். காலை வெயிலில், ஓலைப் பாயின்மீது பொருளை வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுத்தால் போதும். திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் நான்கு வர்ண மையில் அடிக்கும்போது சற்று மங்கும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

எத்தனை பிரதி அடிப்பது? ஓவ்செற் முறையில் தகடு செய்வதற்கும் இயந்திரத்தை ஆயத்தம் செய்வதற்கும் ஆகும் செலவு நூறு அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். ஆகவே “இன்னும் ஆயிரம் அடித்தால் விலை அதிகம் கூடாது” என்று அச்சகத்தார் சொல்வது உண்மை. ஆனால் கொடுக்க ஆளில்லாத ஆயிரம் எவ்வளவு மலிவானாலும் வீண்செலவுதான். முதல் தடவையில் டிஜிற்றல் முறையில் இருநூறு மட்டும் எடுங்கள். ஒரு பிரதிக்குக் கூடுதலாகச் செலவாகும்; பிழைகளைத் திருத்தச் சந்தர்ப்பம் கிடைக்கும். தாள் 100 முதல் 130 கிராம் வரை போதும். 170 கிராமுக்கு மேற்பட்ட தடித்த தாளானால் மடிப்புக் கோட்டை முன்கூட்டியே அழுத்தாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளை தெரியும். நான்கு வர்ணத்துக்குக் காசில்லாத குழு வெட்கப்படத் தேவையில்லை. வெளிர்மஞ்சள் தாளில் கடும் மண்ணிற மையில் ஒரே வர்ணத்தில் அடித்த பனங்கட்டிப் பிரசுரம், தரமற்ற நான்கு வர்ணப் பிரசுரத்தைவிட அழகாக இருக்கும். அப்படியானால் நிழற்படத்துக்குப் பதிலாகக் கோட்டுச் சித்திரம் போடுங்கள். ஊர்ப் பாடசாலையிலே சித்திரம் நன்றாக வரையும் பிள்ளை ஒன்று இராமலா போகும்?

அந்த இருநூறில் பத்தை, உங்கள் பொருளை அறியாத பத்துப் பேரிடம் கொடுங்கள். வாசித்தபின் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “இது என்ன? எப்படி உண்பது? எங்கே வாங்குவது?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அவர்களுக்கு விளக்கம் கொடுக்க வேண்டாம், பிரசுரத்தைத் திருத்துங்கள்.

மிகுதியைக் கண்காட்சியில் வந்து போகிறவர் கையிலெல்லாம் திணிக்காதீர்கள். பயணிகள் தங்கும் விடுதியின் முன்மேசை, பொருள் விற்கும் கடை, தூர பஸ்கள் தேநீருக்கு நிற்கும் இடம் என்று நாலைந்து இடங்களைத் தெரிந்து வையுங்கள். ஒவ்வோரிடத்துக்கும் போகும் பிரதிகளின் மூலையில் அ, ஆ, இ என்று பென்சிலால் ஓர் எழுத்தைப் போட்டுவிடுங்கள். பிரசுரத்தைப் பார்த்து வருபவரிடமோ தொலைபேசியில் அழைப்பவரிடமோ அந்த எழுத்தைக் கேட்டு, கொப்பி ஒன்றிலே குறித்து வாருங்கள். ஆறு மாதத்தில் எந்த இடத்துக்கு மீண்டும் கொடுப்பது, எந்த இடத்தை விட்டுவிடுவது என்பதை அந்தக் கொப்பி காட்டும்.